லின்சியாவில் ஒரு பிள்ளை பெற்ற வீடு

 

சீனம் சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்றொரு வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுவதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். அது பலவீனமான அறிவிப்பு என ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருப்பதை நானே என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வருகிறேன். ஆதலால், கல்வி தேடிச் சீனம் சென்று வந்தேன் என்று பெருமை பேச எனக்கு வழியில்லை. திண்டுக்கல்லில் தோல் வணிகம் செய்யும் என் மைத்துனருக்குப் பேச்சுத் துணையாகவே 2024 டிசம்பரில் அங்கே சென்றேன். ஆயினும், அந்நாட்டில் ஒரு வீட்டின் அடுப்பருகே அமர்ந்து கண்டதைத் தங்களிடம், சிறப்பாக நம் குடும்பத்து ஆண்களிடம், சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சீனம் தெரியாத நான் எவ்வாறு பேச்சுத் துணையாக முடியும் என்று தாங்கள் கேட்கலாம். சீனத்தின் வடமேற்கிலுள்ள கான்சு மாநிலத்து முஸ்லிம் இளைஞர்களில் பலர் அரபு மொழி கற்று, குவாங்ஜோ, யீவு போன்ற வணிக நகரங்களில் அரபு நாட்டு வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகப் பணிபுரிகின்றனர். என் மைத்துனரின் வணிக நண்பர் அத்தகையவர். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியா. என் மைத்துனருக்கு அரபு தெரியாது. இருவருக்கும் இடையில் அரபு நடத்தும் மதரஸா ஆசிரியன் ஒருவன் அமர்ந்தால் வணிகம் நடக்கும் என்பது என் மைத்துனரின் கணக்கு.

குவாங்ஜோவில் சந்திப்பதாகத்தான் முதலில் பேச்சு. பயணத்துக்குப் பத்து நாள்கள் இருக்கையில் நண்பரிடமிருந்து செய்தி வந்தது. தம் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகவும், மாதம் முடியும்வரை தாம் வீட்டை விட்டு வெளியூர் வர இயலாது என்பதால் தாங்கள் லின்சியாவுக்கே வந்துவிட வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். "பிள்ளை பெத்தது அவர் மனைவி. இவர் ஏன் வீட்டிலே இருக்கணும்?" என்று என் மைத்துனர் வியந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான்.

கான்சுவின் தலைநகரான லான்ஜோ மஞ்சள் ஆற்றின் கரையில் நீண்டு கிடக்கும் நகரம். அங்கிருந்து தெற்கே, புல்லற்ற மஞ்சள் மண் குன்றுகளுக்கு இடையே இரண்டு மூன்று மணி நேரம் காரில் சென்றால் லின்சியா. வழியில் வரும் குவாங்ஹே மாவட்டம் தோல், கம்பளி வணிகத்துக்குப் பெயர் பெற்றது. என் மைத்துனர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் வாசனை" என்று திருப்தியோடு ஏறிக்கொண்டார்.

லின்சியாவுக்குப் பழைய பெயர் ஹெஜோ. சீனத்தின் சின்ன மக்கா என்று அதனை வழங்குவர். ஹுயி முஸ்லிம்களும், மங்கோலியக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி பேசும் தோங்சியாங் முஸ்லிம்களும் அங்கே மிகுதி. செங்கல்லில் பூவும் கொடியும் செதுக்கும் கலைக்கு அந்நகரம் புகழ் வாய்ந்தது. பழைய சந்துகளில் வீட்டுச் சுவர்களே அதற்குச் சாட்சி. ஆனால் நான் அச்சுவர்களை நின்று பார்க்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1900 மீட்டர் உயரம். பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி குளிர். சிறுமலைக் காற்றையே குளிர் என்று எண்ணியிருந்த எனக்குக் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய நிலை. அதே மாவட்டப் பகுதியில்தான் 2023 டிசம்பர் 18 நள்ளிரவுக்குச் சற்று முன் ஜிஷிஷான் என்னுமிடத்தில் நிலநடுக்கம் வந்து, மக்கள் இக்குளிரில் தெருவில் நின்றனர் என்பதை நண்பர் சொன்னபோது, நான் முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நண்பரின் வீடு நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்டது. விருந்தினர் அறையின் நடுவில் புகைக்குழாய் பொருத்திய இரும்புக் கரியடுப்பு ஒன்று இருந்தது. குளிர் நாள்களில் வீட்டைச் சூடேற்றுவதும் அதுவே, சமைப்பதும் அதுவே. மூடியுள்ள கிண்ணத்தில் தேயிலையுடன் உலர்ந்த பழங்களும் கற்கண்டும் இட்டு வெந்நீர் ஊற்றித் தந்தனர். குடிக்கக் குடிக்க மீண்டும் வெந்நீர் ஊற்றுவர். நாங்கள் பேரம் பேசத் தொடங்கினோம். அடுப்பின் மீது இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்று பெரிய உலோகச் சட்டி. மற்றொன்று மூடியிட்ட சிறிய மண்சட்டி. மண்சட்டியிலிருந்து வந்த மணம் என்னைப் பேரத்தில் நிலைக்கவிடவில்லை. இறைச்சி மணம், இஞ்சி மணம், அவற்றுக்கு அடியில், கொத்தமல்லி வேரை நசுக்கினால் எழுவது போன்ற, ஆனால் அதைவிடக் கனமான கசப்பு மணம்.

நண்பர் இரண்டு விலைகளுக்கு இடையில் எழுந்து சென்று மூடியைத் திறந்து பார்த்து வருவார். மூன்றாம் முறை நான் கேட்டேவிட்டேன்.

அது தம் மனைவிக்கான சாறு என்றார். ஆட்டிறைச்சி, இஞ்சி, தாங்குய் என்னும் வேர், இம்மூன்றே பொருள்கள். பகல் உணவுக்கு வேண்டியதைக் காலைத் தொழுகை முடிந்ததும் அடுப்பில் ஏற்றிவிடுவார்களாம்.

அந்த வேரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் கொத்தமல்லி, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. லின்சியாவுக்குத் தெற்கே அதே கான்சுவில் உள்ள மின் மாவட்டத்தின் உயர்ந்த, குளிர்ந்த நிலங்களில் விளைவதே சிறந்தது என்று சீனர் அனைவரும் ஒப்புவர். பெண்களுக்குரிய மருந்துகளில் சீன மருத்துவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். தாங்குய் என்ற பெயரைப் பிரித்தால் 'திரும்பி வர வேண்டும்' என்று பொருள்படும். இதே கான்சுவின் தியான்ஷுயியில் பிறந்து, மூன்று அரசுகள் போரிட்ட காலத்தில் எதிரணிக்குச் சென்றுவிட்ட ஜியாங் வெய் என்னும் படைத்தலைவருக்கு, அவருடைய தாயார் இவ்வேரைக் கேட்டுக் கடிதம் எழுதினாராம். மகனே, திரும்பி வா என்பது அதன் உட்பொருள். மகன் அந்த வேர் தன்னிடம் இல்லை என்று பதில் எழுதி, 'தொலைநோக்கு' என்று பொருள்படும் பெயருடைய வேறொரு மூலிகையைக் குறிப்பிட்டுவிட்டார். வெளிநாட்டில் கணவரையும் மகன்களையும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கும் நம் பெண்கள் நிறைந்த ஊர்களில் இக்கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

மூன்று பொருள்களைக் கொண்ட இச்சாறு நேற்றுப் பிறந்ததன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் மருத்துவரின் நூலில் இதன் அளவுகள் வரை குறிக்கப்பட்டுள்ளன. இன்றைய கணக்கில் சொன்னால் சுமார் கால் கிலோ ஆட்டிறைச்சி, 75 கிராம் இஞ்சி, 45 கிராம் வேர். ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரில் இட்டு, அரை லிட்டருக்குச் சற்று மேலாகச் சுண்டும்வரை காய்ச்சி, நாளொன்றுக்கு மூன்று வேளை இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். இறைச்சியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கிய இஞ்சி என்பதைக் கவனியுங்கள்! அந்நூலில் இம்மருந்து இரண்டு இடங்களில் வருகிறது. குளிர் தாக்கி வரும் வயிற்று வலிக்கு ஓரிடத்தில். பிள்ளை பெற்றவளின் வயிற்று வலிக்கு மற்றோரிடத்தில். பிள்ளை பெற்ற உடல் குளிர்ந்துபோன உடல், அவளுக்கு அது ஒரு குளிர்காலம் என்பது சீனர் கருத்து. ஆகவேதான் மாரிக்காலத்தில் எல்லோரும் குடிக்கும் சாறும், பிரசவ வீட்டில் ஒருத்தி மட்டும் குடிக்கும் சாறும் ஒன்றாக அமைந்துவிட்டன. நம் பாட்டிமாரும் சுக்கு, மிளகு, பூண்டு, பிரசவ லேகியம் என்று சூடேற்றும் பொருள்களைத்தானே தேடினர்!

பிற சீனர்கள் இவ்வகைச் சாறுகளில் அரிசி மதுவை ஊற்றுவது வழக்கம். தென் சீனத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் காடியும் சேர்த்துப் பன்றிக்காலைச் சமைப்பர். ஹுயி மக்கள் இவ்விரண்டையும் விலக்கி, ஹலாலான ஆட்டிறைச்சியும் வெறும் நீரும் கொண்டே தம் முன்னோரின் மருந்தைக் காத்து வந்துள்ளனர்.

பிரசவத்துக்குப் பின் ஒரு மாத காலம் பெண் வீட்டுக்குள் ஓய்ந்திருப்பதைச் சீனத்தில் 'மாதம் அமர்தல்' என்பர். ஹனஃபி மத்ஹபினரான இவர்கள் நிஃபாஸ் காலத்தின் உச்ச வரம்பான நாற்பது நாளையும் எண்ணிக்கொள்வதாக நண்பர் சொன்னார். முதல் வாரத்தில் வெல்லச் சர்க்கரை சேர்த்த தினைக் கஞ்சியும் முட்டையும். அதன் பிறகே இறைச்சிச் சாறு. ஆம், நம் குறிஞ்சி நிலத்துத் தினையேதான்! அங்கே அது இன்றும் பிள்ளை பெற்றவளின் முதல் உணவு.

எல்லாவற்றையும் புகழ்வதற்கு நான் இங்கு வரவில்லை. தலைமுழுகக் கூடாது, சன்னலைத் திறக்கக் கூடாது, பழம் கூடாது என்று அடுக்கடுக்கான தடைகளும் அம்மாதத்தில் உண்டு. சீனத்து மருத்துவர்களே இன்று அவற்றை மறுக்கின்றனர். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் நம் வீட்டுக் கொடுமைக்கு அவை உறவு. பெருநகரங்களில் இம்மாதத்தைக் கழிக்க விடுதிகளும், கூலிக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்களும் ஏற்பட்டுவிட்டனர். வசதி உள்ளோர்க்கு அது.

உணவு நேரம் வந்தது. நண்பர் பெரிய சட்டியைத் திறந்து எங்களுக்குப் பரிமாறினார். அதில் ஆட்டிறைச்சியும் வெள்ளை முள்ளங்கியும் இருந்தன, நல்ல உணவுதான். மண்சட்டியை அவர் தொடவில்லை. அதனை அவருடைய தாயார் வந்து எடுத்துச் சென்றார். மூத்த பெண்கள் அணியும் வெண்ணிற முக்காடிட்டிருந்த அம்மூதாட்டி, சட்டியில் இருந்த நல்ல துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேலே மிதந்த கொழுப்பை அகப்பையால் நீக்கிவிட்டு, உள்ளே போனார். என் மைத்துனர் விளையாட்டாக, அந்தச் சட்டியில் எங்களுக்குப் பங்கு இல்லையா என்று கேட்கச் சொன்னார். நானும் மொழிபெயர்த்தேன். நண்பர் சிரிக்கவில்லை. விருந்தினருக்கு வேண்டியது பெரிய சட்டியில் இருக்கிறது; அது அவளுடைய சட்டி என்று இயல்பாகச் சொன்னார்.

வாசகர்களே, எனக்கு அப்போது தொண்டையில் இறைச்சி இறங்கவில்லை.

2003ஆம் ஆண்டு எனக்கு மூத்த மகள் பிறந்தாள். வெளியூர் மதரஸாவில் அப்போது பணி. அகீகா அன்று காலைதான் ஊர் வந்து சேர்ந்தேன். ஆடு அறுக்கப்பட்டது. சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி; வாசல் நிறைய விருந்தினர். பிள்ளை பெற்றவள் பத்தியம் இருப்பதால் கறி ஆகாது என்று பூண்டுக் குழம்பும் சோறும் மட்டுமே அவளுக்கு. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, என் மனைவி அடுப்படியில் நிற்பதைக் கண்டேன். குழந்தை பார்க்க வருவோருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கண்டேன் என்று எழுதுகிறேனே தவிர, அன்று அது என் கண்ணில் படவே இல்லை. லின்சியாவில் அந்த அடுப்பின் முன்தான் பட்டது. அந்த ஆட்டின் ஒரு துண்டுகூட அவள் வாய்க்குள் போகவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரசவ வேதனையில் இருந்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் முதலில் உணவையும் நீரையும் அளித்த செய்தியை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்!

என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். ஆகவே சமையல் முறையை எழுதித் தருமாறு நண்பரிடம் வேண்டினேன். அது தமக்குத் தெரியாது, தாயாரையே கேட்க வேண்டும் என்று உள்ளே சென்றவர், ஒரு தாளுடன் திரும்பினார். வாங்கிப் பார்த்த நான் திகைத்தேன். தாளில் இருந்தவை அரபு எழுத்துகள். ஆனால் அரபு மொழியன்று.

அம்மூதாட்டி சீன எழுத்துப் பயிலாதவர். சிறுமியாக இருந்தபோது அரபு எழுத்துகளைக் கற்று, அவற்றைக் கொண்டே தம் சீனப் பேச்சை எழுதப் பழகியவர். ஷியாவ் அர்ஜிங் என்பது அம்முறைக்குப் பெயர். அரபுத் தமிழில் கடிதம் எழுதிய நம் நன்னிமார்களைத் தாங்கள் அறிவீர்கள். தமிழ் எழுத்து அறியாமலே அரபு எழுத்தில் தமிழை எழுதி, தமிழையே படித்தவர்கள். உயிர்க்குறிகளை விடாமல் இடுவதும், இல்லாத ஒலிகளுக்கு எழுத்தில் புள்ளி கூட்டுவதும் இரண்டுக்கும் பொது. நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். "தாங் குய்... ஷெங் ஜியாங்... யாங் ரோ..." ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. திரைக்கு அப்பால் இருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு மூதாட்டி ஏதோ சொன்னார். 'இந்தியாக்காரர் என் பேச்சைப் பேசுகிறாரே!' என்றாராம். நான் வரி வரியாகப் படிக்க, நண்பர் அரபில் பொருள் கூற, அதனைத் தமிழில் என் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டேன்.

அக்குறிப்பின்படி, எலும்புடன் கூடிய இளம் ஆட்டிறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து இரத்தத்தைப் போக்க வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரிலேயே இட்டுக் கொதிக்கவிட்டு, பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, இறைச்சியை வெந்நீரில் கழுவ வேண்டும். தோலுடன் நசுக்கிய இஞ்சியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வாட்டி, இறைச்சியோடு மண்சட்டியில் சேர்க்க வேண்டும். தண்ணீரை முதலிலேயே போதுமான அளவு ஊற்றிவிட வேண்டும். இடையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சாறு கெட்டுவிடும். வேர் பழைய நூலில் சொன்ன அளவு வேண்டா, இரண்டு மூன்று சீவல்கள் போதும். கொதித்ததும் தீயைக் குறைத்து, கொதியும் கொதியாமலும் இரண்டு மூன்று மணி நேரம். இறுதி அரைமணியில் சிவந்த உலர் இலந்தைப் பழம் நாலைந்து. உப்பைக் கடைசியில்தான் இட வேண்டும். இதனை மட்டும் அவர் இரண்டு முறை எழுதியிருந்தார். புறப்படும்போது ஒரு பொட்டலம் வேரும் தந்தார்.

2025 பிப்ரவரியில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ். பிரசவத்தில் உதிரம் சற்று மிகுதியாகப் போய்விட்டது. நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பெண் மருத்துவரிடம் சென்றேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, கறியும் இஞ்சியும் தாராளமாகக் கொடுங்கள், இந்த வேர் மட்டும் வேண்டா என்றார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையின் வேகத்தை அது கூட்டக்கூடும். உதிரப்போக்கு உள்ள பெண்ணுக்கு அது ஏற்றதன்று என்று விளக்கினார். சகோதரிகளே, இக்கட்டுரையைப் படித்துவிட்டு அவ்வேரை எங்கேனும் வரவழைத்து மருத்துவரைக் கேளாமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் உள்ள பொட்டலம் கிதாபு அலமாரியில் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் லின்சியா மணக்கிறது.

வேரில்லாமலே சாறு காய்ச்சினேன். ஆம், நான்தான். ஒரு மாதம் விடுப்பு எடுத்திருந்தேன். மதரஸாவில் காரணத்தை எழுதிக் கொடுத்தபோது சக ஆசிரியர் ஒருவர், "பேத்தி பிறந்ததற்கு நன்னாவுக்கு என்ன ஹஜ்ரத் ஓய்வு?" என்று கேட்டார். சந்தையில் முன்னங்கால் கறி வாங்கி, நுரை எடுத்து, இஞ்சி வாட்டி, தீயைக் குறைத்து மூன்று மணி நேரம் காத்திருந்தேன். மனைவி இரண்டு முறை அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். கிண்ணத்தில் துண்டுகளை எடுத்து மகளிடம் கொடுத்தேன். "நீங்களா அத்தா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

சட்டியில் மீதி இருந்ததை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி என் மனைவியிடம் நீட்டினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. 2003ஐப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து ஊதி ஊதிப் பாதி குடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "உப்புப் போட மறந்துட்டீங்க" என்றாள்.